துப்பறியும் ஆசையா? பேரேடு எழுதத் தெரியுமா?

தமிழ்நாட்டு இளைஞனுக்கு அம்மை, மஞ்சள்காமாலை வராமல்கூடத் தப்பித்துவிடலாம். துப்பறியும் ஜுரம் மட்டும் ஒரு தடவையாவது வந்தே தீரும். தமிழ்வாணனின் சங்கர்லாலைப் படித்துவிட்டு அப்பாவிடம் கறுப்புக் கண்ணாடி கேட்டு உதை வாங்கியவர்கள் உண்டு. சுஜாதாவின் கணேஷ் - வசந்த்தைப் படித்துவிட்டு லா காலேஜ் அப்ளிகேஷன் வாங்கியவர்கள் உண்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வெப் சீரீஸ். ராத்திரி ரெண்டு மணி வரை செல்போனில் பார்த்துவிட்டு, காலையில் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கும்போது எதிரே வருகிறவரின் ஷூவில் ஒட்டியிருக்கும் சேற்றைப் பார்த்து, 'ஆசாமி வேளச்சேரியிலிருந்து வருகிறார்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் மொழியின் மிகப் பிரபலமான துப்பறியும் நிபுணர், தேவனின் சாம்பு, பாங்க் குமாஸ்தாதான். சாம்புவுக்கு அதிர்ஷ்டம் பக்கத்திலேயே நின்றது. நமக்கு அது லேட்டாக வருகிற டவுன் பஸ் மாதிரி. அதனால் படிக்க வேண்டியிருக்கிறது.

தி.நகரில் ஏதோ ஒரு ஆபீஸில் கணக்கு எழுதும் ஒரு தம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். பி.காம். வயது இருபத்தாறு. அவர் கேட்கிற கேள்வி எப்போதும் இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, ஃபாரென்ஸிக் படிச்சா போலீஸ்ல டிடெக்டிவ் ஆயிடலாமா?"

ஒரே வரி. அதற்குள் மூன்று குழப்பம். ஒன்று, தமிழ்நாடு போலீஸில் 'டிடெக்டிவ்' என்று நேரடியாக ஆள் எடுக்கும் உத்தியோகமே கிடையாது. இரண்டு, ஃபாரென்ஸிக் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் விஞ்ஞானி போலீஸ்காரர் இல்லை. மூன்று, கொலை வழக்கைப் புலனாய்வு செய்யும் இன்ஸ்பெக்டர் ஆவதற்கு ஃபாரென்ஸிக் பட்டம் தேவையே இல்லை.

"அப்ப என்னதான் வேணும்?" என்றால், பதில் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாத புத்தி வேணும் தம்பி. நீங்கள் தினமும் அலுத்துக்கொண்டே செய்கிற வேலை இருக்கிறதே, அதுதான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேலே படியுங்கள்.

மெரினாவை ஒட்டி ஒரு விஷக்கூடம்

காமராஜர் சாலையில், மயிலாப்பூர் எல்லைக்குள், தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் தலைமை ஆய்வகம் இருக்கிறது. கையில் சுண்டல் பொட்டலத்தோடு எத்தனையோ தடவை கடந்து போயிருப்போம். தலை தூக்கிப் பார்த்திருக்க மாட்டோம். அதன் வேர் 1849-ல் இருக்கிறது. அந்த வருஷம்தான் சென்னை மாகாணத்தில் அரசு ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கினார்கள். இந்தியாவிலேயே இந்த ரகத்தில் அதுதான் முதல். கல்கத்தாவுக்கு 1853, பம்பாய்க்கு 1870. இந்த விஷயத்தில் நாம் சீனியர்!

அந்த நாளில் முக்கிய வேலை விஷம் கண்டுபிடிப்பது. மாமியார் வீட்டுப் பாயசத்தில் சந்தேகம் வந்தால் பாத்திரத்தோடு அங்கே போகும். பிரேதப் பரிசோதனையில் எடுக்கும் இரைப்பை, ஈரல் துண்டுகளை இன்றைக்கும் பெரும்பாலும் கெட்டியான உப்புக் கரைசலில் போட்டுத்தான் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். (மாவடு தொட்டுக்கொண்டு தயிர் சாதம் சாப்பிட்டபடி இதைப் படிக்கிறவர்கள் மன்னிக்கவும்.)

இன்னொரு பழைய பெருமையும் உண்டு. ஹான்ஸ் கிராஸ் என்று ஆஸ்திரியாவில் ஒரு மாஜிஸ்திரேட். குற்றப் புலனாய்வை ஒரு விஞ்ஞானமாக வரிசைப்படுத்தி 1893-ல் பெரிய புத்தகம் போட்டார். உலகத்துப் போலீஸ் எல்லாம் அதைப் படித்துத்தான் வளர்ந்தது. அந்தப் புத்தகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு முதலில் அச்சானது லண்டனில் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை சார். நம்ம சென்னையில், 1906-ல்! இங்கே அரசு வக்கீலாக இருந்த ஜான் ஆடமும், கோலியர் ஆடமும் இந்திய நடைமுறைக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதினார்கள்.

புலனாய்வு அதிகாரி ஸ்தலத்துக்குப் போகும்போது கையில் என்ன பை கொண்டுபோக வேண்டும் என்று கிராஸ் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். காகிதம், பேனா, அளவு நாடா, மெழுகுவர்த்தி, சோப்பு, காலடித் தடத்தை அச்செடுக்கப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்... கூடவே மிட்டாய்! சாட்சி சொல்ல வேண்டியது குழந்தையாக இருந்தால் சமாதானப்படுத்த. அந்தப் பட்டியலில் எழுதுகிற சாமானுக்கு எவ்வளவு மரியாதை பாருங்கள்.

ஸ்ரீபெரும்புதூர் சொன்ன பாடம்

1991 மே 21. ராத்திரி பத்து இருபது சுமாருக்கு ஸ்ரீபெரும்புதூர் பொதுக்கூட்ட மைதானத்தில் ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். யார் செய்தது, எதனால் செய்தது, ஒன்றும் புரியாத ராத்திரி அது. குண்டு பூக்கூடையில் இருந்ததா, மாலையில் இருந்ததா, மேடைக்குக் கீழே இருந்ததா? ஆளுக்கு ஒரு ஊகம்.

அப்போது தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்தவர் பேராசிரியர் பி.சந்திரசேகரன். மயிலாப்பூர் ஆய்வகத்து ஆசாமி. மறுநாள் ஸ்தலத்தில் அவருடைய குழு பொறுக்கியவை என்ன தெரியுமா? கிழிந்த துணித் துண்டுகள், ஒயர் துணுக்குகள், பாட்டரியின் சிதறல், சுவிட்சின் பாகம், சின்னச் சின்ன இரும்பு உருண்டைகள். சாதாரணக் கண்ணுக்குக் குப்பை. அந்தக் குப்பையையும், சிதறிப்போன ஒரு பெண்ணின் உடல் பாகங்களில் எது எங்கே எவ்வளவு சேதப்பட்டிருந்தது என்பதையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். குண்டு கூடையிலும் இல்லை, மாலையிலும் இல்லை. ஒரு பெண் தன் உடம்பில் பெல்ட் மாதிரி கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றார்.

இன்னொரு பொருளும் கிடைத்தது. குண்டுவெடிப்பில் செத்துப்போன ஒரு புகைப்படக்காரரின் உடல்மேல் கேமரா. அவ்வளவு பெரிய வெடிப்பிலும் ஃபிலிம் கெடவில்லை. கழுவினால் பத்துப் படம். அதில் கையில் மாலையோடு நிற்கும் பெண் இருந்தாள்.

வழக்கு சி.பி.ஐ.யின் சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்குப் போனது. தலைவர் டி.ஆர்.கார்த்திகேயன். அவர்கள் முகாம் போட்ட இடம் அடையாறு பக்கம் கிரீன்வேஸ் ரோட்டில் 'மல்லிகை' என்ற கட்டடம். பூவின் பேர் வைத்த வீட்டில் இந்தியாவின் மிகப் பெரிய கொலை வழக்கு! 1992 மே மாதம் குற்றப்பத்திரிகை. சந்திரசேகரனுக்கு 2000-ல் பத்மபூஷண்.

ஒரு நிமிஷம் யோசியுங்கள். அந்த ராத்திரி யாராவது ஒருவர், 'ஸ்தலத்தைச் சுத்தம் பண்ணுங்கய்யா' என்று தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டிருந்தால்? கேமராவை எவனாவது பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால்? எந்த மேதை வந்தும் பிரயோஜனம் இல்லை. மேதைக்கு முன்னால் அங்கே நிற்கிறவர், கயிறு கட்டி ஆட்களை விலக்கும் சப்-இன்ஸ்பெக்டர். ஆய்வகம் பேசுவதும் பேசாததும் அவர் கையில்தான் இருக்கிறது.

சுருளி அருவி சொன்ன பாடம்

இது நேர் எதிர் கதை. 2011 மே மாதம் தேனி மாவட்டம் சுருளி அருவிக்குப் போன ஓர் இளம் ஜோடி கொலை செய்யப்பட்டார்கள். ஒருவர் கைதானார். கீழ்க்கோர்ட்டில் மரண தண்டனை. ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. வழக்கின் பெரிய தூண், டி.என்.ஏ. பரிசோதனை.

2025 ஜூலை 15-ல் சுப்ரீம் கோர்ட் அவரை விடுதலை செய்தது. டி.என்.ஏ. விஞ்ஞானம் பொய் என்பதால் அல்ல. எடுத்த மாதிரிகள் எந்தத் தேதியில் யார் கையில் இருந்தன, எங்கே எப்படி வைக்கப்பட்டிருந்தன, ஆய்வகத்துக்குப் போக ஏன் அத்தனை தாமதம் என்பதற்கு ஒழுங்கான பதிவு இல்லை. நடுவில் கலப்படம் ஆகியிருக்காது என்று எப்படி நம்புவது என்று கேட்டது கோர்ட்.

இதன் கனத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம், பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு குடும்பங்கள். பதினாலு வருஷத்துக்குப் பிறகும் 'யார் செய்தது?' என்ற கேள்விக்குச் சட்டப்படி பதில் இல்லை. இன்னொரு பக்கம், தூக்குக் கயிற்றின் நிழலில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த ஒரு மனுஷன். ரெண்டு பக்கத்துக்கும் நடுவில் விடுபட்டது என்ன? யார் கொடுத்தார், யார் வாங்கினார், என்றைக்கு, எத்தனை மணிக்கு. நம்ம ஆபீஸில் பெட்டி காஷ் புத்தகத்தில் எழுதுகிற நாலு கட்டம்!

அந்தத் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் நாடு முழுவதுக்கும் உத்தரவு போட்டது. டி.என்.ஏ. மாதிரி எடுத்தால் எஃப்.ஐ.ஆர். எண், தேதி, போலீஸ் ஸ்டேஷன், அதிகாரி பெயர் எழுதி, டாக்டரும் புலனாய்வு அதிகாரியும் சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தாமதமானால் காரணம் எழுத வேண்டும். விசாரணைக் கோர்ட் அனுமதி இல்லாமல் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. எடுத்த நிமிஷத்திலிருந்து வழக்கு முடிகிற வரை, கை மாறுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேடு கோர்ட் கட்டோடு இணைய வேண்டும்.

ஆடிட்டரிடம் மூன்று மாசம் வேலை பார்த்த யாருக்காவது இதில் புதுசாக ஏதாவது தெரிகிறதா?

"ரெண்டு தட்டு தட்டினா உண்மை வந்துடுமே!"

டீக்கடையில் எப்போதும் ஒருவர் இப்படிச் சொல்வார். சினிமாவில் வருகிறதுதான். கோர்ட்டில் வராது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான். அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் 23-ம் பிரிவிலும் அப்படித்தான். அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் செல்லும். கடைசியில் பொருள்தான் பேசுகிறது.

இதற்கு அழகான உதாரணம் இங்கிலாந்தில் நடந்தது. லெஸ்டர் பக்கத்தில் இரண்டு சிறுமிகள் கொலை. 1986-ல் பதினேழு வயசுப் பையன் ஒருவன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டான். போலீஸுக்குச் சந்தோஷம். 1984-ல் டி.என்.ஏ. அடையாள முறையைக் கண்டுபிடித்திருந்த அலெக் ஜெஃப்ரிஸ் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார். அவரிடம் மாதிரிகளைக் கொடுத்தார்கள். அவர் சொன்ன பதில்: இரண்டு கொலைகளையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அது இந்தப் பையன் இல்லை! உண்மையான குற்றவாளி 1987-ல் பிடிபட்டு, 1988-ல் ஆயுள் தண்டனை பெற்றான். குற்ற வழக்கில் டி.என்.ஏ. செய்த முதல் காரியம், ஆளை மாட்டிவிட்டது இல்லை. ஒப்புக்கொண்ட அப்பாவியை வெளியே விட்டது.

உஸ்மான் ரோட்டில் ஒரு சங்கிலி

பெரிய கொலை வழக்கெல்லாம் வேண்டாம். தீபாவளிக்கு முன் ஞாயிற்றுக்கிழமை. உஸ்மான் ரோட்டில் ஒரு மாமியின் சங்கிலியை பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு போய்விட்டான். நீங்கள் சப்-இன்ஸ்பெக்டர். என்ன செய்வீர்கள்?

"சி.சி.டி.வி. பார்ப்பேன்."

பார்க்கலாம். ஆனால் கடையில் இருக்கும் டி.வி.ஆர். பெட்டி சில நாளிலேயே பழைய பதிவின் மேல் புதுசைப் பதிந்துவிடும். ஆறப்போட்டால் திருடன் அழிந்துபோவான். அடுத்தது, அந்தப் பெட்டியின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா? பத்து நிமிஷம் வித்தியாசம் இருந்தால் அதைக் குறிப்பெழுத வேண்டும். இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல், 'அந்த நேரத்தில் என் கட்சிக்காரர் கபாலி கோயில் வாசலில் இருந்தார்' என்று ஒரு போடு போடுவார். மூன்றாவது, அந்தப் பதிவைக் கோர்ட் ஏற்க வேண்டுமானால், சாக்ஷ்ய அதினியம் 63-ம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் 'ஹாஷ்' எண் என்று ஒன்று எழுத வேண்டும். அந்த ஃபைலின் விரல்ரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

அறுந்த சங்கிலியின் மிச்சத் துண்டு கிடைத்தால்? மகஜர் எழுதிக் கைப்பற்ற வேண்டும். சாட்சிகள் கையெழுத்து. சீல். ரத்தம் பட்ட துணி இருந்தால் பிளாஸ்டிக் கவரில் போடவே கூடாது. ஈரத்தோடு மூடினால் புழுங்கிக் கெட்டுவிடும். நிழலில் உலர்த்திக் காகிதக் கவரில் போட வேண்டும். இதெல்லாம் மேதாவித்தனம் இல்லை. பொறுமை.

மூன்று கதவுகள்

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்தக் கதவைத் தட்டுவது?

முதல் கதவு, காக்கி. சப்-இன்ஸ்பெக்டர் தேர்வை நடத்துவது எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம். ஏதாவது ஒரு பட்டம் போதும். பி.காம். தாராளமாகச் செல்லும். வயது 20 முதல் 30 வரை. பிரிவுவாரியாகத் தளர்வு உண்டு. ஆண்களுக்கு உயரம் பொதுவாக 170 சென்டிமீட்டர், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 167. மார்பு சாதாரணமாக 81, மூச்சை இழுத்தால் 86. எழுத்துத் தேர்வு, தமிழ்த் தகுதித் தேர்வு, உடல் தகுதி, நேர்முகம். ஆண்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிஷத்தில் ஓட வேண்டும். அறிவிப்புக்கு அறிவிப்பு விவரங்கள் மாறலாம் என்பதால் புதுசாக வருவதை வரிவரியாகப் படியுங்கள். தேர்வானால் வண்டலூர் பக்கம் ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் பயிற்சி. சட்டம், புலனாய்வு, தடய அறிவியல் எல்லாம் அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். சி.பி.சி.ஐ.டி., மத்தியக் குற்றப்பிரிவு போன்ற இடங்களுக்கு இந்த வழியாகத்தான் போக முடியும். குரூப்-1 எழுதினால் டி.எஸ்.பி.யாகவே நுழையலாம்.

இரண்டாவது கதவு, விரல்ரேகை. இதற்கும் சப்-இன்ஸ்பெக்டர் பதவி உண்டு. அதே தேர்வாணையம் தனியாக ஆள் எடுக்கிறது. அறிவியல் பட்டம் கேட்பார்கள். உலகத்துக்கு விரல்ரேகை வகைப்பாட்டைக் கற்றுக்கொடுத்ததே இந்தியாதான். 1897-ல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் தொடங்கியது. எட்வர்ட் ஹென்றி பெயரில் புகழ்பெற்ற அந்த முறைக்கு உழைத்தவர்கள் அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்கள். பேர் துரைக்கு, உழைப்பு நமக்கு. வழக்கமான கதை!

மூன்றாவது கதவு, வெள்ளைக் கோட்டு. தடய அறிவியல் துறையில் இளநிலை அறிவியல் அலுவலர். இதற்கு டி.என்.பி.எஸ்.சி.தான் ஆள் எடுக்கிறது. வேதியியல் போன்ற பாடங்களில் எம்.எஸ்ஸி. வேண்டும். காக்கி கிடையாது, துப்பாக்கி கிடையாது, சைரன் கிடையாது. இந்தத் துறை உள்துறையின் கீழ் இருக்கிறது. போலீஸின் கீழ் இல்லை. அது ரொம்ப முக்கியம். போலீஸ் நினைப்பதற்கு எதிராகவும் ரிப்போர்ட் எழுத வேண்டியவர் அவர். மயிலாப்பூர் தவிர கோவை, மதுரை, திருநெல்வேலி போன்ற ஊர்களிலும் ஆய்வகங்கள் இருக்கின்றன.

இந்த மூன்றாவது கதவு இனி அகலமாகத் திறக்கும் என்று நம்பக் காரணம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பேரை ஒரே மூச்சில் சொன்னால் மார்பு தானாக 86 ஆகிவிடும்) 176-ம் பிரிவில் ஒரு விஷயம் சொல்கிறது. ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் நடந்தால், தடய அறிவியல் நிபுணர் ஸ்தலத்துக்கு வந்தே ஆக வேண்டும். மாநிலங்கள் இதற்குத் தயாராக ஐந்து வருஷ அவகாசம். நிபுணர்கள் வானத்திலிருந்தா குதிப்பார்கள்? படித்துத்தான் வர வேண்டும்.

எங்கே படிப்பது?

நம்ம பேட்டையிலேயே நிறைய இருக்கிறது. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை, எம்.ஏ. குற்றவியலும், சைபர் தடயவியலில் எம்.எஸ்ஸி.யும் உண்டு. கிரீன்வேஸ் ரோட்டில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தது. போட்டித் தேர்வுக்காரர்கள் சொந்தப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்து படிக்கத் தனி இடம் இருக்கிறது. எழும்பூர் பழைய கமிஷனர் ஆபீஸில் 2021-ல் திறந்த போலீஸ் மியூசியத்தையும் ஒரு சனிக்கிழமை பார்த்துவிடுங்கள். வெளியூர் போகத் தயாரென்றால் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனாரில் குற்றவியல் துறை, குஜராத் காந்திநகரில் 2020 முதல் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம்.

ஒரு எச்சரிக்கை. 'ஆறே மாதத்தில் ஃபாரென்ஸிக் டிப்ளமோ, போலீஸ் வேலை உறுதி' என்று நோட்டீஸ் கொடுத்தால், அதை மடித்துக் கடலைக்கு உபயோகிக்கவும். சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு அந்தக் காகிதம் தேவையில்லை. ஆய்வக வேலைக்கு அது போதாது. ரெண்டுக்கும் நடுவில் உங்கள் பி.எஃப். பணம்தான் காணாமல் போகும். அதைக் கண்டுபிடிக்க எந்தத் தடயவியலாலும் முடியாது. எந்தப் படிப்பாக இருந்தாலும் பணம் கட்டும் முன் ரெண்டு கேள்வி: யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா? எந்த அரசு அறிவிப்பில் இந்தப் படிப்பைத் தகுதியாகக் கேட்டிருக்கிறார்கள்? ரெண்டாவதுக்குக் காகிதத்தில் பதில் காட்டாவிட்டால் நடையைக் கட்டுங்கள்.

இருக்கிற வேலையையும் விட்டுவிடாதீர்கள். சாயங்காலம் ரெண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுசாக. பல பேர் அப்படித்தான் படிக்கிறார்கள். வீட்டில் அம்மா, 'இந்த வயசுல ஓட்டம் என்னடா?' என்பார்கள். சிரித்துக்கொண்டே ஓடுங்கள்.

பி.காம்.காரர்களுக்கு ஒரு ரகசியம்

இப்போதெல்லாம் நிறையக் குற்றங்கள் கத்தியால் நடப்பதில்லை. கணக்குப் புத்தகத்தால் நடக்கின்றன. 1990-களில் சென்னையில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக மூடி, ரிட்டயர்டு ஆசாமிகளின் கிராச்சுவிட்டி பணமெல்லாம் ஆவியானது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகுதான் 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்த மாதிரி வழக்குகளைப் பார்ப்பது பொருளாதாரக் குற்றப்பிரிவு. அங்கே ரத்தக்கறையைவிட ரசீது புத்தகம்தான் அதிகம். பாலன்ஸ் ஷீட்டில் எந்த எண் பொய் சொல்கிறது என்று மோப்பம் பிடிக்கத் தெரிந்த சப்-இன்ஸ்பெக்டருக்கு நல்ல வேலை இருக்கிறது. சி.ஏ. முடித்தவர்களுக்கு அவர்கள் இன்ஸ்டிட்யூட்டே தடயக் கணக்கியலில் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது.

வீட்டுப் பாடம்

கடைசியாக, செலவில்லாத பயிற்சி ஒன்று. இன்று ராத்திரி உங்கள் அறையை ஒரு ஸ்தலமாக நினைத்துக்கொள்ளுங்கள். எதையும் தொடாதீர்கள். நேரம், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, கதவு எப்படி இருக்கிறது, எல்லாம் குறியுங்கள். படம் வரையுங்கள். மேஜைமேல் இருக்கும் டம்ளரின் இடத்தை, நகராத இரண்டு புள்ளிகளிலிருந்து அளந்து எழுதுங்கள். சுவரின் மூலை ஒன்று, ஜன்னல் கட்டை ஒன்று. இரண்டு தூரமும் இருந்தால்தான் நாளைக்கு வேறொருவர் அந்த டம்ளரை அதே இடத்தில் வைக்க முடியும். அப்புறம் அந்தக் காகிதத்தை நண்பரிடம் கொடுத்து, டம்ளரை எடுத்துவிட்டு, அவரையே திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.

'அழுக்கு டம்ளர்' என்று எழுதாதீர்கள். 'அடியில் பழுப்புக் கறை, விளிம்பில் சிறு விரிசல்' என்று எழுதுங்கள். 'காபி' என்று எழுதவே எழுதாதீர்கள். காபியா, வேறெதாவதா என்று சொல்ல வேண்டியவர் காமராஜர் சாலையில் இருக்கிறார். உங்கள் வேலை பார்த்ததை எழுதுவது.

எழுதி முடித்ததும் கீழே தேதி, நேரம், கையெழுத்து. மறந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

அப்புறம் சீக்கிரம் தூங்குங்கள். 1,500 மீட்டருக்கு ஏழு நிமிஷம். காலை அஞ்சரை மணிக்கு மெரினா காலியாகத்தான் இருக்கும்.